மந்திரம் பலிக்காத மனுஷங்க: வார்ஹாமர் 40,000 உலகத்துல பிளாங்க்னா யாரு?

சைக்கிக் பவர்னு ஒண்ண கதைக்குள்ள விட்டாச்சுன்னா எழுதுறவனுக்குத் தலைவலி ஆரம்பிச்சிடும். அடுத்தவன் மனசப் படிக்கிற ஆள் ஒருத்தன் இருந்தா ரகசியம்னு ஒண்ணு தங்காது, மனசாலயே ஆள ஆட்டி வைக்கிறவன் இருந்தா யாரு துரோகி யாரு பொம்மைன்னே சொல்ல முடியாது, நாளைக்கு நடக்கப் போறத இன்னிக்கே பாக்குறவன் இருந்தா சஸ்பென்ஸே இல்ல. அதனால இந்த மாதிரி கதை எழுதுற முக்காவாசி பேரு சீக்கிரமே ஒரு இடத்துக்கு வந்து நிப்பாங்க, இந்த வித்தை எதுவும் பலிக்காத ஒரு ஆளு வேணும்ங்கிற இடம்.

ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. டூன் வரிசைல 1981ல வந்த நாலாவது நாவல்ல சியோனான்னு ஒரு பொண்ணு, எதிர்காலத்தப் பாக்குறவங்க கண்ணுக்கு மட்டும் அவ தெரியவே மாட்டா, இரண்டாம் லெட்டோங்கிற பேரரசன் 3,500 வருஷம் உக்காந்து தலைமுறை தலைமுறையா ஜோடி சேத்து வச்சு உண்டாக்குன குணம் அது. ஸ்டார் வார்ஸ்ல 1999 படத்துல வர்ற வாட்டோ, ஜெடை மாஸ்டர் மனச வளைக்க கைய ஆட்டுனதும் அசரவே மாட்டான், காசு எங்கன்னு கேப்பான். அதே ஸ்டார் வார்ஸ்ல 1991ல டிமத்தி ஜான் எழுதுன நாவல்ல இசலாமிரின்னு மரத்துல ஒட்டிக் கெடக்குற பல்லி மாதிரி ஒரு ஜந்து, தன்னச் சுத்தி ஒரு குமிழி அளவுக்கு ஜெடைங்களோட ஃபோர்ஸ்ங்கிற சக்தியத் தள்ளி விட்டுடும், அத முதுகுல சுமந்துட்டு வந்து ஜெடைங்கள மடக்குவாங்க. இது எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. இம்யூன்னா, அதாவது இந்த வித்தை பலிக்காத ஆளுன்னா, லாபம். சியோனாவ யாரும் அதுக்காக வெறுக்கல, வாட்டோவுக்கு அதனால வியாபாரம் நல்லா நடக்குது.

வார்ஹாமர் 40,000 மட்டும்தான் இந்த விஷயத்த தலைகீழா புடிச்சுது. அங்க இம்யூனிட்டி ஒரு குறை, உள்ள இருக்க வேண்டிய ஒண்ணு இல்லாமப் போறதுதான் அங்க இம்யூனிட்டி, அந்தக் குறைக்கு அந்த ஆளு வாழ்நாள் பூரா வாடகை கட்டிட்டே இருக்கணும். பிளாங்க் பத்தி நெட்ல பேசுறவங்க பெரும்பாலும் "ஆன்டி மேஜிக் சூப்பர் ஹீரோ" ரேஞ்சுக்குப் பேசுறாங்க, எனக்கு என்னமோ அவங்க பாதி விஷயத்தத்தான் பாக்குறாங்கன்னு தோணுது, அதான் இத விலாவாரியா எழுதலாம்னு உக்காந்தேன்.

தெரியாதவங்களுக்கு பின்னணி கொஞ்சம். வார்ஹாமர் 40,000ங்கிறது 1987ல பிரிட்டன்ல கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி வெளியிட்ட மேஜைல பொம்மை வச்சு ஆடுற போர் விளையாட்டு, ஆரம்பிச்சு வச்சவரு ரிக் பிரீஸ்ட்லி. அப்புறம் நாவல், வீடியோ கேம், அனிமேஷன்னு பெருத்துப் போச்சு. கதை பெரும்பாலும் நடக்குறது 41ஆம் ஆயிரமாண்டுல. பத்து லட்சம் கிரகம் மனுஷங்க கைல, அதுக்குப் பேரு இம்பீரியம். அத ஆளுற எம்பெரர் பத்தாயிரம் வருஷமா தங்கச் சிம்மாசனத்துல சாவும் இல்லாம உயிரும் இல்லாம உக்காந்திருக்காரு.

நம்ம கண்ணுக்குத் தெரியிற உலகத்துக்குப் பின்னாடி இன்னொரு பரிமாணம் இருக்கு, வார்ப்னு சொல்லுவாங்க. உயிர் உள்ளது எதெல்லாம் கோவப்படுதோ பயப்படுதோ ஆசப்படுதோ அந்த உணர்ச்சி எல்லாம் அங்க போய் அலையடிக்கும், அந்த அலை காலப்போக்குல உருவம் புடிச்சு தெய்வமாவே ஆகிப் போச்சு, கோர்ன், ஸீன்ச், நர்கிள், ஸ்லானேஷ்னு நாலு பேரு, அவங்களுக்குக் கீழ எண்ணிக்கை இல்லாத டீமன்கள். ஒவ்வொரு மனுஷனோட ஆன்மாவுக்கும் அந்தப் பக்கம் ஒரு நிழல் இருக்கும். சாதாரண ஆளுக்கு அது மங்கலா இருக்கும், சைக்கர்னு சொல்லப்படுற சக்தி உள்ளவனுக்குப் பளிச்சுனு எரியும். அந்த வெளிச்சத்த இழுத்துத்தான் அவன் மனசப் படிக்கிறான், நெருப்பு வரவழைக்கிறான், நட்சத்திரம் தாண்டி சேதி அனுப்புறான். அதே வெளிச்சத்தப் பாத்துத்தான் டீமன்களும் அவனத் தேடி வருது. ஒரு சைக்கர் கட்டுப்பாடு இழந்தா அவன் உடம்பே கதவாகி ஒரு கிரகமே போயிடலாம். அதனால இம்பீரியம் கருப்புக் கப்பல்கள்ல ஊர் ஊரா போய் சைக்கருங்கள வாரிட்டு வருது. தேறுனவங்களுக்கு வேலை, தேறாதவங்க சிம்மாசனத்துக்கு இரை, ஒரு நாளைக்கு 1,000 பேருங்கிறது பழைய காலத்துல இருந்தே சொல்லிட்டு வர்ற கணக்கு.

ஆக இந்த உலகத்துல ஆன்மா இருக்குறதே ஒரு ரிஸ்க். அப்போ அது இல்லாம ஒருத்தன் பொறந்தா?

அவன்தான் பிளாங்க். நல் (Null), அன்டச்சபிள்னு வேற பேரும் உண்டு. இந்தக் குணத்தக் குடுக்குற மரபணுவுக்கு அந்த விளையாட்டுல வச்சிருக்குற பேரு பரையா ஜீன், அது எந்தச் சமூகத்தோட பேர இங்கிலீஷ்காரன் வசவா மாத்துனதுல இருந்து வந்ததுன்னு தமிழ் படிக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, அதனால புத்தகம், கதைத் தலைப்புல அப்படியே வர்ற இடம் தவிர நான் பிளாங்க்னே எழுதுறேன்.

சைக்கரே அபூர்வம், பிளாங்க் அதவிட அபூர்வம், கோடிக்கணக்குல ஒருத்தர் தேறுறதே கஷ்டம். இம்பீரியம் ஆளுங்கள சைக்கிக் பவர வச்சு தரம் பிரிக்க கிரேக்க எழுத்து வரிசை ஒண்ணு வச்சிருக்கு, உச்சில ஆல்ஃபா பிளஸ், நடுவுல நம்மள மாதிரி சாதாரண ஜனங்க, அதுக்கும் கீழ போனா பிளாங்க்குகள், அடில ஒமேகா. அதாவது பிளாங்க்குங்க பூஜ்யத்துல நிக்கல, மைனஸ்ல இருக்காங்க. இந்த ஒரு பாயிண்ட்டத் தவறவிட்டா மத்தது எதுவும் புரியாது.

ஏன்னா ஆன்மா இல்லாதது வேற, பிளாங்க்கா இருக்குறது வேற. நெக்ரான்கள எடுத்துக்கோங்க, கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி உடம்ப விட்டு உலோகத்துக்குள்ள போனவங்க, அப்போ அவங்க ஆன்மாவ சி'டான்னு ஒரு தெய்வ இனம் தின்னுருச்சு, இப்ப உள்ள ஒண்ணுமில்ல. ஆனா ஒரு சாதாரண நெக்ரான் வீரன் பக்கத்துல நிக்கிறதாலயே சைக்கருக்குப் பவர் அணைஞ்சு போறதில்ல. டாவ் இனத்த எடுத்துக்கோங்க, அவங்களுக்கு வார்ப்ல நிழல் ரொம்ப மங்கல், டீமனுக்கு அவங்க மேல பெருசா ருசி இல்ல, ஆனா அவங்களும் பிளாங்க் இல்ல. பிளாங்க்கோட விஷயம் என்னன்னா அவன் தனக்கு மட்டும் இம்யூன் இல்ல, அவனச் சுத்தி ஒரு வட்டத்துக்குள்ள வர்ற எல்லாருக்கும் வார்ப் அறுந்து போகுது. பக்கத்துல வந்த சைக்கருக்குத் தலை வலிக்கும், குமட்டும், மனசுக்குள்ள இருந்த அந்தக் கூடுதல் புலன் அப்படியே மரத்துப் போகும். டீமனுக்கு அதவிட மோசம், அதோட உடம்பே வார்ப்ல இருந்து இழுத்துக் கட்டுனது, பிளாங்க் கிட்ட வந்தா பிரிய ஆரம்பிச்சிடும். வெறும் ஓட்டைன்னா ஓட்டை மட்டும்தான் காலியா இருக்கணும், இது சுத்தி இருக்குறதயும் உள்ள இழுக்குற ஓட்டை. எல்டார் மாதிரி இனமே சைக்கிக்கா இருக்குறவங்களுக்கு ஒரு பிளாங்க்க நேருக்கு நேரா பாக்குறதே பெரிய சித்திரவதை.

இதுக்கு எல்லையும் இருக்கு, அத நிறைய பேரு மறந்துடுறாங்க. சைக்கர் மனசால ஒரு பாறையத் தூக்கி எறிஞ்சு, பாறை கைய விட்டுக் கெளம்பிட்டா அது வெறும் பாறைதான், அதோட வேகம் வார்ப்ல இல்ல நம்ம உலகத்துல இருக்கு, பிளாங்க் தலைல விழுந்தா மண்டை உடையும். துப்பாக்கிக் குண்டுக்கும் கத்திக்கும் கேக்கவே வேணாம். இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, சைக்கர் வைத்தியம் அவனுக்கு வேலை செய்யாது, தூரத்துல இருந்து மனசு வழியா "பின்னாடி ஆளு நிக்கிறான்"னு எச்சரிக்க முடியாது, கூட்டாளி சைக்கரா இருந்தா அவனோட ஆயுதத்தயும் சேத்துத்தான் இவன் கெடுப்பான். ஒரு டீம்ல பிளாங்க் இருக்குறது வரமா சாபமான்னு கேட்டா அந்த நிமிஷம் யாரு சுடுறாங்கங்கிறதப் பொறுத்தது.

இதுவரைக்கும் சொன்னது மெக்கானிக்ஸ். இனிதான் எனக்குப் புடிச்ச பகுதி. சைக்கருக்கும் டீமனுக்கும் பிளாங்க்கப் புடிக்காதது நியாயம், சாதாரண ஜனங்களுக்கு ஏன் புடிக்கல? மனசப் படிக்கத் தெரியாத, வார்ப்னா என்னன்னே தெரியாத ஒரு டீக்கடைக்காரனுக்கு ஏன் இந்த ஆள் வந்து நின்னா எரிச்சல் வரணும்? காரணம் இதுதான்: மங்கலா இருந்தாலும் எல்லாருக்கும் ஆன்மா இருக்கு, அந்தத் தொடர்பு பொறந்ததுல இருந்து ஓடிட்டே இருக்குறதால நமக்கு அது இருக்குறதே தெரியாது, ராத்திரி கரண்ட் போய் ஃபேன் சத்தம் நின்ன பிறகுதான் அது இவ்ளோ நேரம் ஓடிட்டு இருந்துச்சுன்னே உறைக்குமே அந்தக் கதைதான். பிளாங்க் கிட்ட வந்ததும் அந்தச் சத்தம் நிக்குது. என்ன நின்னுச்சுன்னு தெரியாது, ஆனா என்னமோ சரியில்லன்னு மட்டும் தெரியும். மனுஷ மனசு சும்மா இருக்குமா, காரணம் தேடும். மூஞ்சி சரியில்ல, முழி சரியில்ல, திமிர் புடிச்சவ, ராசியில்லாதவன், இப்படி ஏதாவது ஒண்ணு ஒட்டி வச்சிடும். வெறுப்பு முதல்ல வருது, காரணம் அப்புறம் வந்து சேருது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த ஐடியாவ யோசிச்சவங்களப் பாராட்டலாம், ஏன்னா இது நெசமான ஊர்லயும் இப்படித்தான் நடக்குது, வார்ப் மட்டும்தான் இல்ல.

இதக் கதையா சரியாப் புடிச்சவரு டான் ஆப்நெட். 2001ல வந்த ஸீனோஸ் நாவல், ஐசன்ஹார்ன்னு ஒரு இன்க்விஸிட்டர், அதாவது இம்பீரியத்தோட எதிரிகள வேட்டையாடுற ரகசிய அதிகாரி, தன் கதையத் தானே சொல்றது. அவனே ஒரு சைக்கர். அதுல அலிஸபெத் பெக்வின்னு ஒருத்தி வர்றா. வாழ்க்கைல தன்னை யாருக்கும் புடிக்கலங்கிறது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், ஏன்னு தெரியாது. நீ ஒரு அன்டச்சபிள்னு அவகிட்ட ஐசன்ஹார்ன் சொல்ற வரைக்கும் அந்தக் கேள்விக்கு அவளுக்கு விடையே இல்ல. அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு வேலை கெடைக்குது, மரியாதை கெடைக்குது, அவள மாதிரி இருக்குற மத்தவங்களத் தேடிக் கண்டுபுடிச்சு டிஸ்டாஃப்னு ஒரு குழுவே நடத்துறா. வருஷக்கணக்குல கூடவே இருக்குறாங்க ரெண்டு பேரும், ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஆசை இருக்கு, ஆனா அவன் சைக்கர், அவ பிளாங்க், பக்கத்துல நெருங்குனாலே அவனுக்கு ஒத்துக்காது. மூணு நாவல் ஓடுது, அது கடைசி வரைக்கும் அப்படியே நிக்குது. வில்லன், டீமன், சதி எல்லாத்தயும் விட எனக்கு இந்த ரெண்டு பேருதான் ஞாபகத்துல இருக்காங்க.

ஆப்நெட்டே அடுத்து ரேவனார் வரிசைல இத வேற மாதிரி ஆடுனாரு. 2004ல முதல் புக். ரேவனாருக்கு உடம்பே போச்சு, ஒரு மிதக்குற பெட்டி நாற்காலிக்குள்ள அடைஞ்சு கெடக்குறான், ஆனா அசுரத்தனமான சைக்கர், மனசுதான் அவனுக்குக் கை கால் எல்லாம். அவன் டீம்லயே விஸ்டன் ஃப்ராவ்கான்னு ஒரு பிளாங்க். லிமிட்டர்னு ஒரு கருவி மாட்டியிருப்பான், அது ஓடுற வரைக்கும் அவன் சாதாரண ஆளு, அத ஆஃப் பண்ணுனா சுத்தி இருக்குற எல்லா சைக்கிக் வேலையும் படுத்துடும், ரேவனாரோடதும் சேத்துத்தான். ஃப்ராவ்காவுக்கு இதுல எந்த உணர்ச்சியும் கெடையாது. ஓரமா உக்காந்து சிகரெட் ஊதிட்டு பலான கதை படிச்சிட்டு இருப்பான், கூப்புட்டா பட்டன அமுக்குவான், திரும்ப வந்து படிப்பான். பெக்வின் வெறுப்புக்கு எதிரா ஒரு வாழ்க்கையக் கட்டுனா, இவன் வெறுப்பு இருந்தா இருக்கட்டும்னு விட்டுட்டான். ஒரே குறைய ரெண்டு பேரு சுமக்குற விதம் இப்படி வேற வேறயா இருக்குறதுதான் நல்ல எழுத்துக்கு அடையாளம். அந்த லிமிட்டர் ஐடியாவும் கதைக்கு ரொம்ப உதவுச்சு, அது இல்லன்னா ஒரு பிளாங்க்க கூட்டாளிங்களோட ஒரே கப்பல்ல வச்சு ஒரு நாவல் பூரா ஓட்டவே முடியாது. 2012ல வந்த பரையா நாவல்ல பிளாங்க்கே கதைசொல்லி ஆயிட்டா, பேரு பீட்டா பெக்வின், அந்தப் பேரு ஏன் அப்படிங்கிறது படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியது.

தனி ஆளு கதை இப்படின்னா இம்பீரியம்ங்கிற அரசாங்கம் இவங்கள வச்சு என்ன பண்ணுது? வெறுக்குது, அதே நேரம் ஒருத்தரக்கூட வீணாக்குறதில்ல. சைக்கருங்கள வாரிட்டு வர்ற அதே கருப்புக் கப்பலுக்கு பிளாங்க் பிள்ளைங்க கெடைச்சா அது புதையல்.

ஒரு வழி க்யூலெக்ஸஸ். இம்பீரியத்தோட கொலைகாரக் கூடத்துல பல கிளை உண்டு, தூரத்துல இருந்து சுடுறவன் ஒரு கிளை, உருவம் மாறுறவ ஒரு கிளை, மருந்து ஏத்தி வெறியேத்தி விடுறவன் ஒரு கிளை, சைக்கருங்களக் கொல்றதுக்குன்னே க்யூலெக்ஸஸ். ஆளு பூரா பிளாங்க். மண்டை ஓடு மாதிரி ஒரு பெரிய ஹெல்மெட், ஒரு பக்கக் கண்ணுல லென்ஸ், பேரு அனிமஸ் ஸ்பெக்குலம். எதிரி சைக்கரோட சக்திய உறிஞ்சி அதையே திருப்பி அவன் மேல சுடுற சாமான் அது. அதாவது அந்த ஆளோட இல்லாமைய ஒரு துப்பாக்கிக் குழாயா மாத்திட்டாங்க. அவனுக்கு ஒரு பேரு, ஒரு ஆசை, ஒரு குழந்தைப் பருவம் இருந்திருக்கும்ங்கிறத விளையாட்டோட ரூல்ஸ் புக் பெருசா கண்டுக்கல, கண்டுக்காததே அந்த இம்பீரியத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

இன்னொரு வழி சிஸ்டர்ஸ் ஆஃப் சைலன்ஸ். பெண்கள் மட்டும் உள்ள படை, எல்லாருமே பிளாங்க், பேசுறதில்லன்னு சத்தியம் எடுத்தவங்க. சண்டைல ஒரு கை ஜாடை, சண்டை இல்லாதப்போ நுணுக்கமான பேச்சுக்கு இன்னொரு கை ஜாடைன்னு ரெண்டு வச்சிருக்காங்க, சத்தியம் எடுக்காத இளசுங்க கூட நின்னு வெளியாளுக்கு வாயால சொல்லுவாங்க. எம்பெரரோட காவல்படை கஸ்டோடீஸ் ஒரு கைன்னா இவங்க இன்னொரு கை. கருப்புக் கப்பல்ல சைக்கருங்கள அடக்கி வைக்கிறதும் இவங்கதான். வெறுப்ப மட்டுமே கேட்டு வளந்தவங்க, நீங்க எங்ககிட்ட பேசலன்னா நாங்களும் பேசலன்னு அதையே விரதமா மாத்திக்கிட்ட மாதிரி எனக்குப் படும், லோர்ல, அதாவது விளையாட்டோட பின்னணிக் கதைல, அப்படி எங்கயும் சொல்லல, என் வாசிப்பு அது. ஏன் பொண்ணுங்க மட்டும்னு கேட்டா உருப்படியான பதில் ஒண்ணும் கெடையாது, பாக்க நல்லா இருக்குன்னு வச்சிருப்பாங்க.

இவங்க பெருசா தெரிஞ்சது ப்ராஸ்பெரோங்கிற கிரகத்துல. பத்தாயிரம் வருஷம் முன்னாடி மாக்னஸ்ங்கிற தளபதியோட தவுசண்ட் சன்ஸ் படை, ஆளு பூரா சைக்கருங்க, தடை பண்ணுன வித்தையப் பண்ணிட்டான்னு அவங்க கிரகத்தயே அழிக்க இம்பீரியத்தோட ஸ்பேஸ் வுல்வ்ஸ் படை கெளம்புனப்போ கூடவே கஸ்டோடீஸும் இந்தப் பெண்களும் போனாங்க. வெறும் சண்டைன்னா மாக்னஸ் ஆளுங்கள அசைக்க முடிஞ்சிருக்காது, பவர் அணைஞ்ச இடத்துல அவங்களும் சாதாரண சிப்பாய்ங்கதான். 2016ல அந்தச் சண்டைய வச்சு ஒரு பாக்ஸ் கேம் வந்தப்போதான் இவங்களுக்கு பிளாஸ்டிக் பொம்மை கெடைச்சுது, அதே வருஷம் ஆரன் டெம்ஸ்கி-போடன் எழுதுன தி மாஸ்டர் ஆஃப் மேன்கைண்ட் நாவல்ல சிம்மாசனத்துக்கு அடில நடக்குற சண்டைல டீமன் வெள்ளத்துக்கு எதிரா இவங்க நிக்கிற பகுதி வந்துச்சு. பொம்மை விக்கிறதும் கதை வளர்றதும் இந்தக் கம்பெனில எப்பவும் கைகோத்துத்தான் போகும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா தெரிஞ்சு படிக்கிறது நல்லது.

இப்போ ஒரு சிக்கலான கேள்வி, இந்த ஜீன் எங்க இருந்து வந்துச்சு? கொஞ்சம் யோசிங்க. பெத்தவளுக்கே தூக்கிக் கொஞ்சத் தோணாத ஒரு குழந்தை, ஊரே ஒதுக்குற ஒரு ஆளு, கல்யாணம் எங்க ஆகப் போகுது, பிள்ளை எங்க பொறக்கப் போகுது. பரிணாமக் கணக்குப்படி இந்த மாதிரி ஒரு மரபணு நாலு தலைமுறைல காணாமப் போயிருக்கணும். போகலன்னா ஒண்ணு அது திரும்பத் திரும்பத் தானா முளைக்குது, இல்ல யாரோ வேணும்னே விதைச்சிருக்காங்க.

2002ல வந்த நெக்ரான் ரூல்ஸ் புக் ரெண்டாவது பதிலச் சொல்லுச்சு. மனுஷன் மனுஷனா ஆகுறதுக்கு முன்னாடியே சி'டான்கள் நம்ம ரத்தத்துல இத ஒளிச்சு வச்சதாம், சைக்கிக் எதிரிகளுக்கு எதிரா பின்னால அறுவடை பண்ணிக்கலாம்னு. அதே புக்ல பிளாங்க் மனுஷங்களப் புடிச்சு பாதி இயந்திரமாக்கி பெரிய அரிவாளக் கைல குடுத்து நெக்ரான் படைல நிறுத்தியிருந்தாங்க. பயங்கரமான ஐடியா, என்னக் கேட்டா அந்தக் காலகட்டத்துல வந்ததுலயே நல்ல ஐடியா. ஆனா 2011ல நெக்ரான் கதைய மொத்தமா மாத்தி எழுதுனாங்க, சி'டான் எசமானா இருந்தது போய் உடைஞ்சு சங்கிலில கெடக்குற அடிமையாச்சு, அந்தப் பாதி இயந்திர மனுஷங்க புக்லயே இல்ல. விதைச்ச கதையும் அத்தோட ஓரமாப் போச்சு. இப்போ பிளாங்க் ஏன் பொறக்குறாங்கங்கிறதுக்கு தெளிவான அதிகாரப்பூர்வ பதில் இல்லாம ஓடிட்டு இருக்கு. விளக்காம விட்டது நல்லதுதான்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, யாரோ ஒருத்தனோட அறுவடைக்காக வெறுக்கப்பட்டுட்டு வாழ்றோம்ங்கிறது பெக்வின் மாதிரி ஒருத்தி கதைக்கு எவ்ளோ கனம் சேத்திருக்கும், அத அனாவசியமா விட்டுட்டாங்க.

செத்த பிறகு என்ன ஆகும்ங்கிறதும் இங்க வேற மாதிரி. இந்த உலகத்துல சாவு ஒரு முடிவு கெடையாது, ஆன்மா வார்ப்புக்குப் போகும், அங்க பசியோட காத்துட்டு இருக்கு நாலு தெய்வமும். எல்டார் இனத்துல பல பேரு ஸ்லானேஷ் வாய்ல விழக்கூடாதுன்னே நெஞ்சுல ஒரு கல்ல மாட்டிட்டுத் திரியுறாங்க, ஆன்மாவ அதுல புடிச்சு வைக்கிறதுக்கு. பிளாங்க்குக்கு அந்தக் கவலை இல்ல, போறதுக்கு ஒண்ணுமே இல்லயே. இம்பீரியத்துச் சாமியார் கண்ணுல பாத்தா எம்பெரர் கிட்ட போய்ச் சேர ஆன்மாவே இல்லாத ஜென்மம், அதவிட பாவம் வேற என்ன. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா அந்த மொத்த கேலக்ஸிலயும் செத்தா செத்ததுதான்னு நிம்மதியா சாகக் கூடியவங்க அநேகமா இவங்க மட்டும்தான். வாழும்போது எதுவும் குடுக்காத குறை சாகும்போது மட்டும் ஒண்ணு குடுக்குது.

சரி, ஒரு ஆளு அளவுல இருக்குறது ஒரு பிரதேசம் அளவுல நடந்தா? அதயும் எழுதிட்டாங்க. பிளாக்ஸ்டோன்னு ஒரு கருங்கல், நாக்டிலித்னும் சொல்லுவாங்க, சரியா அமைச்சா வார்ப்ப தள்ளி விடும். கேடியா கிரகத்துல நின்ன தூண்கள் அந்தக் கல்லுதான், பக்கத்துல இருந்த பெரிய வார்ப் ஓட்டைய பெருகாம புடிச்சு வச்சது அதுங்கதான்னு 2017 வாக்குல வந்த கதைல சொல்லி, அதே கதைல கேடியாவ உடைச்சும் விட்டாங்க, கேலக்ஸியே ரெண்டாக் கிழிஞ்சுது. அப்புறம் 2020ல நெக்ரான்களோட மௌன ராஜா ஸரேக் இதே கல்ல வச்சு நெஃபிலிம் செக்டார்ங்கிற நட்சத்திரப் பிரதேசத்துல ஒரு பெரிய பகுதியவே வார்ப்ல இருந்து துண்டிக்கிற கதை வந்துச்சு, பேரு பரையா நெக்ஸஸ். அங்க சிக்குன சாதாரண ஜனங்க என்ன ஆனாங்கங்கிறதுதான் முக்கியம். சாகல, மந்தமாயிட்டாங்க. எதுலயும் விருப்பம் இல்ல, வேலைய நிறுத்திட்டாங்க, அங்கங்க அப்படியே உக்காந்துட்டாங்க. ஸ்டில்லிங்னு பேரு வச்சாங்க. வார்ப் மொத்தமா போயிட்டா டீமன் தொல்லை இருக்காது, ஆனா மனுஷனோட உந்துதலும் சேந்தே போயிடும்.

இத பிளாங்க் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு முரண் இருக்கு, எனக்குத் தெரிஞ்சு இத யாரும் நேரடியா எழுதல. வார்ப் அறுந்தா சாதாரண ஆளு இப்படி வாடிப் போறான்னா, பொறந்ததுல இருந்தே வார்ப் இல்லாத பிளாங்க் ஏன் வாடல? பெக்வினுக்கு ஆசை இருக்கு, கோவம் இருக்கு, ஒரு குழுவ நடத்துற கெட்டிக்காரத்தனம் இருக்கு. ஃப்ராவ்காவுக்குக் கூட சிகரெட்டும் புத்தகமும் வேணும். சிஸ்டர்ஸ் ஒருத்தருக்காக ஒருத்தர் உயிரக் குடுக்குறாங்க. அப்போ ஆசாபாசத்துக்கு ஆன்மாவே தேவையில்லயா, இல்ல இவங்க வேற எங்கிருந்தோ அத எடுத்துக்கிறாங்களா? என் யூகம், பழகுனதுதான் வித்தியாசம். இருந்த ஒண்ண புடுங்குனா மனுஷன் சரிஞ்சு போறான், இல்லாமயே வளந்தவன் இல்லாமயே நடக்கப் பழகிடுறான். லோர் எழுதுறவங்க இந்தக் கேள்விய என்னிக்காவது கையில எடுத்தா நல்லா இருக்கும்.

மேஜை விளையாட்டுப் பக்கம் மட்டும் நிலைமை கொஞ்சம் சுமார். முன்னாடி ஆட்டத்துல சைக்கிக் பவருக்குன்னே ஒரு தனிக் கட்டம் இருந்துச்சு, உங்க டர்ன்ல நகர்த்துனதும் சைக்கருங்க பவரப் போடுவாங்க, எதிராளி அதத் தடுக்கப் பாப்பான், அங்கதான் பிளாங்க்குகளுக்கு வேலை, கிட்ட நின்னாலே எதிரி சைக்கர் தடுமாறுவான். 2023ல வந்த பத்தாவது எடிஷன்ல அந்தக் கட்டத்தயே தூக்கிட்டாங்க, சைக்கிக் பவர் எல்லாம் மத்த ஆயுதம் மாதிரி ஒரு ஆயுதமாவோ ஒரு சின்ன திறமையாவோ சுருங்கிருச்சு. ஆட்டம் வேகமாச்சு, புதுசா வர்றவங்களுக்கு ஈஸி, அதெல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா சிஸ்டர்ஸ் ஆஃப் சைலன்ஸ்க்கு அந்த எடிஷன்ல மிச்சம் இருந்தது சைக்கிக் அடி விழுந்தா தாங்கிக்கிற ஒரு டைஸ் ரோலும் சைக்கர் மேல கொஞ்சம் நல்லா வெட்டுற ஒரு வாளும்தான். பக்கத்துல வந்தாலே உலகம் அணையுங்கிற அந்த ஃபீல் டைஸ்ல வர்றதில்ல. அதனால பிளாங்க் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு வர்றவங்களுக்கு நான் ரூல்ஸ் புக்க நீட்டுறதில்ல, ஸீனோஸ்ல ஆரம்பிங்க, முடிச்சதும் ரேவனார் பக்கம் போங்கன்னுதான் சொல்லுவேன்.